காக்கையும் மைனாவும் மட்டும்தானா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பறவைகளைக் கவனிக்க ஆசைப்படுகிறேன். ஆனால் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் காக்கை, மைனா, புறா தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. காட்டுக்கோ ஏரிக்கோ போகும் உடல்நிலையும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காக்கையிலிருந்தே தொடங்குங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக் காக்கை. உடல் முழுவதும் கறுத்து, அலகு தடித்திருந்தால் அது அண்டங்காக்கை. ஒரே சொல்லுக்குள் இரண்டு பறவைகளை இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தேன் என்பது எனக்குப் புரிந்த நாளில்தான் என் பார்வை உண்மையில் திறந்தது. அலகில் சுள்ளி ஏந்திச் செல்லும் காக்கை ஒன்றைக் கண்டால், அது எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்பதைத் தொலைவிலிருந்தே பார்த்து வையுங்கள். அந்த மரத்தைச் சுற்றிச் சில வாரங்கள் குயில்களின் நடமாட்டம் இருக்கக்கூடும். கூவுகிற கரிய ஆண் குயிலை அறிந்தவர்களில் பலர், பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் நிறைந்த பெண் குயிலை வேறு ஏதோ பறவையென்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். காக்கையின் கூட்டில் முட்டையிடுவது அந்தப் பெண் குயில்தான். பிறகு ஒரு நாள், தன் இனமல்லாத குஞ்சின் திறந்த வாயில் காக்கை இரை ஊட்டுவதை நீங்கள் உங்கள் மாடியிலிருந்தே பார்க்க நேரலாம்.

அடுத்ததாகச் செவியைப் பழக்குங்கள். இலைகளுக்குள் மறைந்திருக்கும் பறவையைக் கண்ணுக்கு முன்பே காதுதான் கண்டுபிடிக்கிறது. எங்கோ செம்பைத் தட்டுவதுபோல் ‘டுக், டுக், டுக்’ என்று இடைவிடாமல் ஒலி கேட்டால், அருகிலுள்ள மரத்தின் இலையற்ற உச்சிக்கிளையைப் பாருங்கள்: பச்சை உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட குக்குறுவான் அங்கே அமர்ந்திருக்கலாம். கூவும்போது அது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால், ஒலி வெவ்வேறு திசைகளிலிருந்து வருவதாகத் தோன்றி நம்மைத் திகைக்க வைக்கும். பூந்தொட்டிக்குள்ளிருந்து உடலுக்குப் பொருந்தாத உரத்த குரல் வந்தால் அது தையல்சிட்டாக இருக்கலாம். அகன்ற இலையின் விளிம்புகளைச் சிலந்தி நூலாலும் தாவர நாராலும் கோத்து, அந்தப் பைக்குள் அது கூடு அமைக்கிறது. அப்படிப்பட்ட இலையைக் கண்டால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை தொட்டியை நகர்த்தாமலும் செடியைக் கத்தரிக்காமலும் இருக்க வேண்டுகிறேன்.

விடிந்ததும் ஒரே இடத்தில் 15 நிமிடம் அமர்ந்தால் போதும். பெயர் தெரியாவிட்டாலும், நாளையும் நேரத்தையும் அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலைவிட இந்தக் குறிப்பையே நான் உயர்வாக மதிக்கிறேன். 1998-இல் தொடங்கி ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் பங்கேற்பாளர்களிடம் இந்த 15 நிமிடத்தைத்தான் கேட்கிறது.

கேள்வி: ஒரு தேன்சிட்டு தினமும் வந்து எங்கள் வண்டியின் கண்ணாடியைக் கொத்துகிறது. அழகு பார்க்கிறதா?

பதில்: சண்டையிடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லையைக் காக்கும் ஆண், கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போட்டிக்கு வந்த வேறோர் ஆண் என்று கருதித் தாக்குகிறது. இரை தேட வேண்டிய நேரமும் வலிமையும் இதில் வீணாகின்றன என்பதால், வண்டி நிற்கும்போது கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

கேள்வி: தரையில் கிடந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை, மனித வாசனைக்காகப் பெற்றோர் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சாக இருந்து, கூடும் எட்டும் உயரத்தில் இருந்தால் மெல்ல எடுத்து அதில் வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருப்பதுதான். பெற்றோர் அருகிலேயே இருந்து அதற்கு இரை கொடுப்பார்கள். பூனையும் நாயும் நெருங்காதபடி மட்டும் பார்த்துக்கொண்டு விலகி நில்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் இறங்கி வரத் தயங்கும்.