அக்காவிடம் கேளுங்கள்: கெளிறு சொன்ன குறை

கேள்வி: அக்கா, நாங்கள் 3 பேர் சேர்ந்து திருகோணமலை பஸ் நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்த மூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடியதாக, செய்கிறோம். தொடக்கத்தில் நிரல் எழுதவும் நேரம் சரிபார்க்கவும் 14 பேர் வந்தார்கள். இப்போது மிச்சம் 4 பேர். மற்றவர்களுக்கு என்ன குறை என்று அறிய 22 கேள்விகளோடு கூகுள் படிவம் அனுப்பினோம். நிரப்பியவர்கள் 2 பேர்தான். இருவரும் "எல்லாம் நல்லம்" என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கே பிழைத்தது?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, 22 கேள்வி என்றால் பரீட்சை மண்டபத்தில்தான் ஆள் இருந்து எழுதும். "எல்லாம் நல்லம்" என்பது விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற பேச்சு. கறியில் உப்புக் கூடினாலும் அதைத்தான் சொல்வோம்.

படிவத்தை விடுங்கள். போன 10 பேரும் கடைசியாக உங்களுக்கு என்ன அனுப்பினார்கள், அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் தேடிப் பாருங்கள். எல்லாம் தேதியோடு கிடக்கும். பதிலே போகாத புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது "என் திருத்தத்தைச் சேருங்கள்" என்ற கோரிக்கைகளை, எண்ணினால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றை முன்பு திறந்த மூலமாக வெளியிட்டிருந்தேன். ஒருவர் அதன் பக்கத்தில் இஷ்யூ, அதாவது குறைப் பதிவு, போட்டார்: "மென்பொருள் பிழை. மீனெல்லாம் கெட்டுப்போச்சு." அவ்வளவுதான். எனக்குக் கோபம். "விவரம் போதாது" என்று எழுதி மூடிவிட்டேன். அவர் பிறகு வரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து டச்பே கடற்கரையில் தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர்தான் அந்த மனிதர் என்று அப்போதுதான் தெரியும். மீனவர் சங்கமொன்றில் கணக்கு எழுதுபவர். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். பக்கத்தில் நின்ற மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. மீன் விலைப் பட்டியல். கெளிறு இருக்க வேண்டிய இடத்தில் "கௌ" என்று தொடங்கி, இகரக் குறி ஒன்று புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரத்தையே அடிப்போம். அதனால் கௌரிக்கும் கெளிறுக்கும் முதல் 3 விசைகளும் ஒன்றுதான். அடுத்து வருவதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை" என்ற சொல் உடையக் கூடாதென்று ளகரத்துக்குப் பின்னால் புள்ளி வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன். உயிர்க்குறி வரலாம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. "மீனெல்லாம் கெட்டுப்போச்சு" என்று அவர் எழுதியது வசை இல்லை, சரியான விவரம். "எந்த மீன் அண்ணா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் அன்றிரவே திருத்தியிருப்பேன்.

அதனால் ஒவ்வொருவராகக் கோல் எடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக நேரம் திருத்தப் போனபோது எந்த இடத்தில் விட்டீங்கள்?" கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். புதிதாக வரும் பொடியன் ஒருவனை உங்கள் அறிவுறுத்தல் கோப்பைப் பார்த்து நிரலை நிறுவச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவன் நெற்றி சுருங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு இஷ்யூ.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் குறைகளை, சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு, இஷ்யூவாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் ஒருவருடைய போனோடு போய்விடும். திருத்தியதும் அதே இடத்தில் சொல்லுங்கள். புதிய பதிப்பின் குறிப்பில் அவர் பெயரைப் போடுங்கள், ஒரு வரி நிரல் எழுதாதவராக இருந்தாலும்.

கேட்டதையெல்லாம் செய்யச் சொல்லவில்லை. கொழும்பு ரயில் நேரமும் வேண்டும் என்று ஒருவர் நிரலோடு வந்தால், "வேண்டாம் தம்பி, பராமரிக்க எங்களிடம் ஆளில்லை" என்று அந்த வாரமே சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வரும். ஆனால் மூன்று மாதம் காத்திருந்து ஒன்றும் வராதவரின் கோபம் உங்களுக்குத் தெரியவே வராது.

கேள்வி: நான் தனியாகப் பராமரிக்கும் எழுத்துப்பிழை திருத்திக்கு ஒருவர் தினமும் "ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று எழுதுகிறார். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. கொடுத்துவிடவா?
– வாசகி, கிண்ணியா

பதில்: அவசரப்படாதீங்கள் பிள்ளை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்கு நடந்ததைக் கேளுங்கள். அதையும் ஒருவர்தான், சம்பளமில்லாமல், பராமரித்தார். 2022இல் முன்பின் தெரியாத சிலர் இதே பல்லவியைப் பாடினார்கள். மெல்ல மெல்ல உதவிசெய்து நம்பிக்கை பிடித்த ஒருவர் கைக்கு அதிகாரம் போனது. 2024இல் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், பிறர் கணினிக்குள் களவாக நுழைய ஒரு கள்ளக் கதவு இருந்தது. கணினிக்குள் உள்நுழைய அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது பிடிபட்டது.

உங்களை நச்சரிப்பவர் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. அனேகமாக வெறும் பொறுமையில்லாதவர். "எனக்கு வாரத்தில் 2 மணித்தியாலம்தான் இருக்கிறது" என்று முகப்புக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அவரிடம் கிடப்பில் உள்ள இஷ்யூக்களில் 5ஐக் கொடுத்து, எது இன்னும் பிழையாக வருகிறது என்று சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். செய்தால் அடுத்த 5ஐக் கொடுங்கள். அதிகாரத்தைப் பற்றி வருகிற வருடம் யோசிக்கலாம்.