புது கிரிக்கெட் பேட்டைப் பழக்குவது எப்படி? கேள்வி பதில்

தர்மபுரியில் பல வருடமாக லெதர் பால் ஆடுகிறேன், பேட் ரிப்பேரும் பார்க்கிறேன். வாங்கிய இரண்டாவது வாரமே ஓரம் பிளந்த பேட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் புது பேட், கிளவுஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே.

பாலக்கோடு தம்பி: அண்ணா, பெங்களூர் போய் 9,000 ரூபாய்க்கு இங்கிலீஷ் வில்லோ பேட் வாங்கினேன். 'நாக்கிங் செய்தது' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் நேராக இறக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழைய பேட்டையே எடுத்துப் போ. வில்லோ மிருதுவான மரம். கம்பெனியில் பிரஸ் போட்டு முகத்தை, அதாவது பந்து படும் பக்கத்தை, இறுக்கித்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் 160 கிராம் பந்து வேகமாக வந்து ஓரத்திலோ அடியிலோ பட்டால் அது தாங்காது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி மேல் நார்களை நெருக்கமாக்குவதுதான் நாக்கிங். ஸ்டிக்கர் இல்லாத பேட்டுக்கு மொத்தம் 5, 6 மணி நேரம் ஆகும். உன்னுடையதற்கும் ஒன்றிரண்டு மணி நேரமாவது தட்டு, அப்புறம் நெட்டில் பழைய பந்தில் ஆடிப் பார்.

ஊத்தங்கரையிலிருந்து: சுத்தியால் எங்கே, எவ்வளவு வேகமாக அடிப்பது?

நிறைய பேர் தப்பு செய்யும் இடம் இதுதான். முதல் ஒரு மணி நேரம் கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் தட்ட வேண்டும், பந்து நன்றாகப் படும் நடுப்பகுதியில் தொடங்கி மெல்ல மெல்லப் பரப்பிக்கொண்டே போக வேண்டும். வேகத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டு. ஒரே நாளில் முடிக்க நினைக்காதே, தினமும் அரை மணி போதும். ஓரத்தில் சுத்தியை நேராக இறக்கவே கூடாது. முகமும் ஓரமும் சேரும் விளிம்பில் 45 டிகிரி சாய்த்துத் தட்டினால் கூர்மை மழுங்கி லேசாக உருண்டு வரும், மட்டையின் எட்ஜைக் காப்பாற்றப்போவது அந்த உருட்டல்தான். அடிமுனையைக் கீழேயிருந்து குத்தாதே, பின்பக்கம் பக்கமே போகாதே. சுத்தி இல்லையென்றால் பழைய லெதர் பந்தைச் சாக்ஸில் போட்டு முடிந்து அதால் தட்டு. கடைசியில் நெட்டில் ஒரு பழைய பந்தை ஆடிப் பார்த்துவிட்டு மட்டையை உற்றுப் பார், தையல் பதிந்த தடம் ஆழமாக விழுந்திருந்தால் இன்னும் தட்ட வேண்டும்.

அரூரிலிருந்து: வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. அதைத் தடவலாமா? எவ்வளவு?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம், அவை காயாமல் ஈரமாகவே நிற்கும். பச்சை ஆளி விதை எண்ணெய், அதாவது 'ரா லின்சீட்' என்று கேட்டு வாங்குங்கள், அது காற்று பட்டு மெல்ல இறுகும். பெயிண்ட் கடையில் 'பாயில்டு' வகையும் கொடுப்பார்கள், அது மர பாலிஷுக்கு உள்ளது, வாங்காதீர்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயைத் துணியில் தொட்டு முகம், ஓரம், அடிமுனையில் மெல்லிசாகத் தடவி, மட்டையைப் படுக்க வைத்து ஒரு நாள் விடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவைதான். ஸ்டிக்கரிலும் ஹேண்டில் சேரும் இடத்திலும் படக் கூடாது. முகத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் திறந்திருக்கும் மரத்துக்கு மட்டும் தடவினால் போதும். அளவு மீறினால் மட்டை கனத்துப்போய், அடித்தால் பந்து போகாது. இன்னொன்று, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

பென்னாகரம்: எங்களுடையது காஷ்மீர் வில்லோ மட்டை, டென்னிஸ் பால் மட்டும்தான் ஆடுவோம். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

அப்படியென்றால் இதெல்லாம் தேவையே இல்லை, ஆடுங்கள். அதே மட்டையில் லெதர் பால் ஆடுவதாக இருந்தால் மட்டும் தட்ட வேண்டும்.

ஓசூரிலிருந்து ஒரு அம்மா: என் மகள் விக்கெட் கீப்பர். புது கிளவுஸ் பலகை மாதிரி இருக்கிறது, பந்து தெறித்து ஓடுகிறது என்கிறாள். வெயிலில் வைத்தால் இளகுமா?

வெயில் மட்டும் வேண்டாங்க, தோல் வறண்டு வெடித்துவிடும். டிவி பார்க்கும்போதுகூட கையில் மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் உள்ளங்கைக் குழியில் ஒரு பந்தை வைத்து மூடித் துணியால் கட்டி வையுங்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறவர்களும் புதுக் கையுறைக்குள் பந்தை வைத்துக் கட்டித்தான் குழி விழ வைக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பாதிதான், மீதி பிடித்துப் பிடித்துத்தான் வரும். தினமும் நீங்களே பத்தடி தூரத்திலிருந்து ஐம்பது பந்து, கையைத் தலைக்கு மேல் தூக்காமல் கீழிருந்து மெதுவாக வீசுங்கள். உள்ளே காட்டன் இன்னர், அதாவது மெல்லிய உள் கையுறை, போடாமல் பிடிக்க விடாதீர்கள், பிள்ளை விரல்.

காவேரிப்பட்டினம்: ஒரு மாதம் ஆடிய மட்டையில் மயிரிழை போல் கோடுகள். அடிமுனையும் உப்பியிருக்கிறது. மட்டை போச்சா?

முகத்தில் மயிரிழைக் கோடு எல்லா நல்ல மட்டையிலும் விழும், கவலை வேண்டாம். அடிமுனை உப்பியதுதான் கவனிக்க வேண்டியது, ஈரம் குடித்திருக்கிறது. காலையில் தண்ணீர் தெளித்த பிட்ச்சில் மட்டையை ஊன்றி நின்றிருப்பீர்கள். நிழலில், காற்று வரும் இடத்தில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தகர ஷீட் போட்ட அறையிலும் வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு மரம் காய்ந்து இன்னும் பிளக்கும். காய்ந்த பிறகு பிளவு தெரிந்தால் மரப்பசை ஊற்றிக் கட்டி ஒரு நாள் வைத்து, அடியில் டோ கார்டு, அதாவது அடிமுனையைக் காக்கும் ரப்பர் துண்டு, ஒட்டிவிடுங்கள். சிமெண்ட் மேல் மேட் விரித்து ஆடுகிறவர்கள் அதை வாங்கிய அன்றே ஒட்டிவிடுவது நல்லது.