இலக்கணம் படிக்காம கதை திருத்தலாமா?

அக்கா, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பசங்க எழுதுற கதைய நீங்க பாத்து குடுக்குறீங்க, இலக்கணம் முறையா படிக்காதவங்க எதுக்கு திருத்தணும்னு ஒரு வாத்தியார் கேட்டுட்டாருன்னு போட்டிருந்தீங்க. தாராளமா செய்ங்க லா. கதை எங்க இழுக்குது, யார் பேசுறாங்கன்னு எங்க குழம்புது, ரப்பர் பால் எடுக்க பால்மரம் வெட்டப் போன அப்பா நாலாவது பக்கத்துல காரணமே இல்லாம ஏன் காணாம போறாரு, இதெல்லாம் கண்டுபிடிக்க நன்னூல் மனப்பாடம் வேணாம், நெறைய கதை படிச்சிருந்தா போதும்.

ஆனா ஒன்னு, 'இந்த வரி சரியில்ல'ன்னு மட்டும் சொன்னா அந்தப் பையன் அடுத்த கதையிலயும் அதையேதான் எழுதுவான், காரணம் சொல்லணும், அங்கதான் கொஞ்சம் இலக்கணம் தேவைப்படுது. 'மாடுகள் வந்தது'ன்னு இருந்தா 'வந்தன'ன்னு மாத்திட்டு, எழுவாய் பன்மைன்னா வினையும் பன்மைன்னு பக்கத்துல எழுதுங்க. ஐ, கு உருபு, அதாவது பேர்ச்சொல்லோட கடைசியில ஒட்டுற வேற்றுமை உருபு, வெளிப்படையா வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்துல தொடங்குனா, நடுவுல அந்த ஒற்று மிகும், அதாவது கூட சேரும்: அதைப் பார்த்தான், கடைக்குப் போனான். மொதல்ல இத மட்டும் கத்துக்குங்க, மத்தது போகப் போக வரும்.

பாட்டி பேசுற வசனத்துல மட்டும் கைய வெச்சுடாதீங்க, தோட்டத்து லயத்து வீடுகள்ல எவன் 'வந்தன'ன்னு பேசுறான்? கடைசி ப்ரூஃப் மட்டும் அந்த வாத்தியார்கிட்டயே குடுத்துப் பாருங்க, கோவமும் கொறையும்.