டிவி, ப்ரொஜெக்டர் ரெண்டும் மாட்டினா 4கே வரமாட்டேங்குதா?

ப்ரோ, 4கே டிவியும் பழைய 1080பி ப்ரொஜெக்டரும் ஒரே ரிசீவர்ல (படத்தை ஸ்க்ரீனுக்கும் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி) மாட்டினதும் பிஎஸ்5 கேம் கன்சோல் படம் 1080பிக்கு இறங்கிடுச்சு, டிவிக்குள்ள இருக்கிற ஆப்களோட சத்தமும் ஸ்பீக்கர்ல வரலைன்னு கேட்டிருந்தீங்க. ரிசீவர்ல கோளாறு இருக்கிற மாதிரி தெரியல. ரிசீவரோட ரெண்டு எச்டிஎம்ஐ அவுட்டும் ஒரே நேரத்துல ஆன்ல இருந்தா ரெண்டு ஸ்க்ரீனுக்கும் ஒத்துப்போற ஃபார்மட்டைத்தான் ரிசீவர் பிஎஸ்5கிட்ட கேட்கும், அதனால பார்க்கும்போது ஏதாவது ஒரு அவுட்டை மட்டும் ஆன் பண்ணி வைங்க.

சத்தத்துக்கு, டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவுல போற எச்டிஎம்ஐ கேபிள் ரெண்டு பக்கமும் ஏஆர்சின்னு (டிவி சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற வசதி) எழுதின போர்ட்லயே இருக்கணும், செட்டிங்லயும் ஆன் பண்ணணும். ரிசீவர் 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட் வரை அனுப்புற) மாடல்னா 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 ஃப்ரேம்) படம் அது வழியா போகாது, அப்போ பிஎஸ்5-ஐ நேரா டிவில சொருகிட்டு சத்தத்தை மட்டும் இஏஆர்சில (ஏஆர்சியோட மேம்பட்ட வகை) ரிசீவருக்கு எடுங்க, பெல்லந்தூர்ல எங்க வீட்லயும் இப்படித்தான் ஓடுது.

அப்புறம் ப்ரொஜெக்டருக்கு சீலிங் வழியா 12 மீட்டர் இழுக்கணும்னா பெங்களூரு எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல ஃபைபர் எச்டிஎம்ஐ (சிக்னலை ஒளியா அனுப்புற கேபிள்) வாங்குங்க, அதுக்கு திசை உண்டு, சோர்ஸ்னு போட்ட முனைதான் ரிசீவர் பக்கம் வரணும். தயவுசெஞ்சு சீலிங்கை மூடுறதுக்கு முன்னாடி ஒருதடவை படம் ஓட்டிப் பார்த்துடுங்க. ரிசீவர் மாடல் நம்பர் போடுங்க, மெனுல எங்க இருக்குன்னு பார்த்து சொல்றேன்.