மூணு ரூம்ல பிரிச்சு வெச்ச சீனா

அன்புள்ள ஐயாவுக்கு,

சிங்கப்பூர்ல ஆராய்ச்சி மாணவனா இருக்கேன். போன மாசம் எங்க கேம்பஸ்ல சீனப் பண்பாட்டு வாரம் நடத்தினோம். கீழ ஹால்ல இலக்கியம், மாடியில வரலாற்றுக் கண்காட்சி, வெளிய சாப்பாட்டு ஸ்டால். கவிதை வாசிப்புக்கு வந்தது பதினோரு பேர். ஸ்டால் க்யூ பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்னுச்சு. சாப்பிட மட்டும் வர்ற கூட்டம்னு மனசு விட்டுப்போச்சு. அடுத்த வருசம் சாப்பாட்டையே எடுத்துடலாமான்னு பேசிட்டிருக்கோம். சீன இலக்கியத்துல எங்க ஆரம்பிக்கலாம்? இதெல்லாம் அரசியல் பிரச்சாரம்னு ஒரு நண்பர் சொல்றார், அதைப்பத்தியும் எழுதுங்க.

க.

அன்புள்ள க.,

அரசியலை நண்பரே பாத்துக்கட்டும், எனக்கு அதுல இப்ப ஆர்வம் இல்லை. "சாப்பிட மட்டும் வர்ற கூட்டம்"னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் கோபம்தான் வந்தது. ஏன்னா ரெண்டு வாரமா நான் பதினோராம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் சூ தோங்போவைத்தான் திரும்பப் படிச்சிட்டிருக்கேன்.

அவர் இயற்பேர் சூ ஷி. கவிதையில அரசாங்கத்தை இழிவு பண்ணிட்டார்னு 1079-ல பிடிச்சு நூறு நாளுக்கு மேல உள்ள வெச்சாங்க. என் பதவியை எடுத்துக்கிட்டு அண்ணனை விட்டுடுங்கன்னு தம்பி மன்னருக்கு எழுதினார், அவரையும் சேத்து வேற ஊருக்குத் தூக்கியடிச்சாங்க. தலை தப்பி 1080-ல யாங்சி ஆத்தங்கரையில ஹுவாங்சோங்கிற ஊருக்கு வந்தார். பேருக்கு ஒரு பதவி, அரசாங்கக் காகிதத்துல கையெழுத்துப் போடுற அதிகாரம்கூட கிடையாது, வீட்டுல வயிறுங்க நிறைய. அப்ப ஒரு நண்பருக்கு எழுதின லெட்டர்ல குடும்பக் கணக்கைச் சொல்றார். மாசம் பொறந்ததும் 4500 காசை எடுத்து முப்பது பங்காப் பிரிச்சுக் கட்டி உத்தரத்துல தொங்கவிட்டுடுவார், தினம் காலையில படம் மாட்டுற கவைக்கோலால ஒண்ணை மட்டும் இறக்கிட்டு கோலை ஒளிச்சு வெச்சிடுவார், அன்னைக்கு 150 காசுக்கு மேல செலவு கிடையாது, மிச்சம் விழுந்தா மூங்கில் குழாய்ல போட்டு வைப்பார், விருந்தாளி வந்தா ஆகும்னு.

அந்த ஊர்ல கிழக்குச் சரிவுல இருந்த ஒரு தரிசைத் திருத்திப் பயிர் வெச்சார். தோங்போன்னா கிழக்குச் சரிவு, அதையே பேரா வெச்சுக்கிட்டார். பன்னிக்கறியைப் பத்தி அவர் எழுதினதும் இங்கதான். இந்த ஊர்ல கறி மண்ணு விலைக்குக் கிடைக்குது, பணக்காரன் தொடமாட்டான், ஏழைக்கு ஆக்கத் தெரியல. சட்டியைக் கழுவி, தண்ணி கொஞ்சமா விட்டு, விறகை எரியவிடாம அமுக்கி வை, அதுவா வேகட்டும், அவசரப்படுத்தாதே, பதம் வந்தா ருசி தானா வரும்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு உங்க சிங்கப்பூர் தோ பாயோ ஞாபகம் வந்துடும். தொண்ணூறுகள்ல அங்க ஒரு சீனப் பாட்டி வீட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். பாட்டிக்கு ஹொக்கியன்கிற சீனப் பேச்சும் பசார் மலாய்ங்கிற கடைத்தெரு மலாயும்தான் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை மண்சட்டியில தாவ் யூ பாக்ங்கிற பன்னிக்கறி வெப்பாங்க, சோயா சாஸ், பூண்டு, பட்டை போட்டு. நான் பசியில போய் மூடியைத் தூக்கினா கையில ஒரு தட்டு விழும், "பெலான், பெலான்"னு சொல்லி அடுப்பை இன்னும் சின்னதாக்குவாங்க. மெதுவா, மெதுவா. பத்து வருசம் கழிச்சு தோங்போவோட அந்த வரிகளைப் படிச்சப்ப அந்தச் சட்டியோட வாசனையே வந்துடுச்சு, புத்தகத்தை மூடிட்டு உக்காந்துட்டேன். பாட்டி அதுக்குள்ள போயிட்டாங்க.

இப்ப உங்க மூணு ரூமுக்கு வர்றேன். 1082-ல ஆத்தங்கரைச் செம்பாறையைப் பத்தி தோங்போ எழுதின ரெண்டு உரைப்பாக்களை, அதாவது உரைநடையும் கவிதையும் கலந்த பாட்டுகளை, எடுத்துக்கங்க. முதல் உரைப்பாவுல நிலா வெளிச்சத்துல படகுல போறாங்க. கூட வந்தவர் புல்லாங்குழல் ஊதிட்டு, 208-ல இங்க படையோட வந்து தோத்த தளபதி சாவ் சாவ் இப்ப எங்கன்னு கேக்கறார் (போர் நடந்தது வேற இடம்னு சொல்றாங்க, அது கிடக்கட்டும்). முடியும்போது தட்டும் கிண்ணமும் சிதறிக்கிடக்க ஒருத்தர்மேல ஒருத்தர் சாஞ்சு தூங்கிடறாங்க, விடிஞ்சதே தெரியல. மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது. நண்பர்கிட்ட வலையில சிக்கின மீன் இருக்கு, வாய் பெருசு, செதில் பொடிசு. மதுவுக்கு எங்க போறதுன்னு வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட கேக்கறார். நீங்க திடீர்னு கேப்பீங்கன்னு ரொம்ப நாளா கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்கிறாங்க அந்தம்மா. கவிதை, போர், மீன் எல்லாம் ஒரே எடத்துல இருக்கு தம்பி. அதைப் பிச்சு கீழ ஒண்ணு, மாடியில ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு வெச்சது நீங்க. க்யூல நின்னவனைக் குத்தம் சொல்லாதீங்க.

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊர்ல நந்தா, அதாவது நன்யாங் பல்கலைக்கழகம், சீன மொழியிலேயே உயர்கல்வி வேணும்னு ஜனங்க காசு போட்டுக் கட்டினது. ரப்பர் வியாபாரி டான் லார்க் சே 50 லட்சம் டாலர் குடுத்தார்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். 1954-ல சைக்கிள் ரிக்ஷாக்காரங்க ஒருநாள் மிதிச்ச கூலியை அப்படியே குடுத்தாங்க. 1956-ல வகுப்பு ஆரம்பிச்சு 1980-ல இன்னொரு பல்கலைக்கழகத்தோட சேர்த்துட்டாங்க. அந்த ரிக்ஷாக்காரர் உங்க விழாவுக்கு வந்திருந்தா எந்த க்யூல நின்னிருப்பார்?

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்க. ஷி சிங், சீனத்தோட பழைய பாட்டுத் தொகுப்பு, 305 பாட்டு. அதுலேர்ந்து தேர்ந்தெடுத்து பயணிங்கிற மொழிபெயர்ப்பாளர் நேரா சீனத்துலேர்ந்து தமிழுக்குக் கொண்டு வந்திருக்கார், வாங்கிப் படிங்க.

அடுத்த வருசம் அடுப்பை ஹாலுக்குள்ள கொண்டு வாங்க, பர்மிஷனுக்கு இப்பவே எழுதிப் போடுங்க. மலாய் நண்பர்களும் சைவக்காரங்களும் வருவாங்க, அதனால பன்னிக்கறி வேண்டாம். தோங்போ பேர்லயே ஒரு காய்க்கஞ்சி இருக்கு, சீன முட்டைக்கோஸ், முள்ளங்கி, கொஞ்சம் அரிசி, கறி மீன் எதுவும் கிடையாது. அடுப்புல ஏத்திட்டு வாசிக்க ஆரம்பிங்க, வேகுறதுக்குள்ள ரெண்டு உரைப்பாவையும் நிதானமா முடிச்சிடலாம்.