கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு: உடல்நலம், பாதுகாப்பு, பதிவேடு பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "இது திருச்சபை விதி, மாற்ற முடியாது என்கிறார்கள்." விதியைத் திறந்து பார்த்தால், சொல்லப்படுவதைவிட அது இளக்கமாகவே இருக்கிறது. அதனால் தேவைப்படும் இடத்தில் சட்ட எண்ணையும் கொடுத்திருக்கிறேன். எல்லாம் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உள்ளவை.

என் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாது). பள்ளியில் புதுநன்மைக்கு, அதாவது முதல் முறை நற்கருணை வாங்க, தயாரிக்கிறார்கள். கோதுமை பட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அரிசி மாவில் அப்பம் செய்து தருகிறேன் என்றால் முடியாது என்கிறார்கள்.

அரிசி அப்பம் முடியாது என்பது சரிதான். நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆக வேண்டும் (எண் 924). குளூட்டனை முழுவதும் நீக்கிய அப்பமும் செல்லாது என்று 2017-இல் வத்திக்கான் ஆயர்களுக்கு அனுப்பிய சுற்றுமடல் மறுபடி நினைவுபடுத்தியது. ஆனால் அதே மடல் குளூட்டன் குறைந்த அப்பத்தை ஏற்கிறது. பள்ளி அதைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று தெரியவில்லை.

குளூட்டன் குறைந்த அப்பம் பொட்டலமாக விற்பனைக்குக் கிடைக்கிறது. உணவுப் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத அனுமதிப்பது உலகளவில் உள்ள அளவுகோல். பொட்டலத்தில் உள்ள எண்ணை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் கூடாது என்றால், தேவை கருதி அர்ச்சித்த திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம் (எண் 925). ஒரு துளி வாங்கினாலும் அது முழு நற்கருணையே. யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வருவது நடைமுறையில்தான். திருப்பலியில் குரு அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டைத் தன் கிண்ணத்தில் போடுவார். அந்தக் கிண்ணம் உங்கள் மகளுக்கு ஆகாது. தனியாக ஒரு சிறு கிண்ணம் வேண்டும். குளூட்டன் குறைந்த அப்பம் என்றால், மூடியுள்ள சிமிழில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். குருவின் விரலில் மற்ற அப்பத்தின் தூள் ஒட்டியிருக்கும் என்பதால், அவளே சிமிழிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்புறம் பலரும் மறந்துவிடும் ஒன்று: ஒத்திகை. அன்று 'பழகிப் பார்க்க' என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது அர்ச்சிக்காத அப்பம்தான், ஆனாலும் கோதுமை கோதுமைதானே. பள்ளியின் உடல்நலப் படிவம் மதிய உணவைப் பற்றி மட்டும் கேட்டால், ஓரத்தில் 'நற்கருணை, ஒத்திகை' என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மகனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். பள்ளித் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பே எதுவும் சாப்பிடக் கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். தவக்காலத்தில் மதியச் சாப்பாட்டையும் விடச் சொல்கிறார்கள்.

நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர நோன்புக்கு எண் 919-ஐப் படிக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிக்காது. நோயுற்றவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம் என்று அதே எண்ணின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்கினால் திருப்பலி நடுவிலும் குளுக்கோஸ் வாயில் போட வேண்டியதுதான். அது அவன் சட்டைப் பையில் இருக்கட்டும், வகுப்பறைப் பையில் அல்ல.

ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயது நிறைந்தவர்களுக்கு, சுத்தபோசனம் (இறைச்சியை விடுவது) 14 நிறைந்தவர்களுக்கு (எண் 1252). 14-க்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இரண்டும் கடமையில்லை. சாப்பாட்டை விட்ட பிள்ளையை வகுப்பில் நிறுத்திப் பாராட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நோயுள்ள பிள்ளை அதைப் பார்த்து ஊசியை மறைக்கத் தொடங்கும்.

விடுதியில் இருக்கும் என் மகன் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் (பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது), கவுன்சிலரிடமும் பேசியிருக்கிறான். இதெல்லாம் அவன் கோப்பில் ஏறுமா?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது எங்கும் ஏறாது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அது தவிர, கல்வி நிலையத்தின் அதிபர் தன்னோடு ஒரே வீட்டில் தங்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது, மாணவரே விரும்பிக் கேட்டால் ஒழிய (எண் 985). தண்டிக்கும் அதிகாரமும் மன்னிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் பிள்ளை எப்படி வாய் திறப்பான்? விடுதி அதிபரே வரிசையில் உட்காரவைத்துக் கேட்கிறார் என்றால் இந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

கவுன்சிலர் விஷயம் வேறு. அவர் குறிப்பு எழுதுவார், எழுதவும் வேண்டும். அந்தக் குறிப்பு மதிப்பெண், வருகைப் பதிவு உள்ள பொதுக் கோப்போடு சேராமல் தனியே பூட்டில் இருக்கிறதா, யார் யார் பார்க்கலாம், பிள்ளை பள்ளியை விட்டுப் போனபின் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 'நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கும் கவுன்சிலர் தப்பு செய்கிறார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் அவர் சொல்லியாக வேண்டும்; அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஊழியர் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். புகார் கொடுத்தால், 'பள்ளிப் பெயர் கெடும், வெளியே பேசாதீர்கள்' என்கிறார்கள்.

பேசலாம். முதலில் போலீஸ் அல்லது குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம், பிறகுதான் பள்ளி. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய ஆணை, குருக்கள், துறவியர் போன்றோர் மீது இப்படிப் புகார் கொடுப்பவரிடம் 'வாயைத் திறக்காதே' என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய கடமையையும் அது குறைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் அவர் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலை ஊழியர் என்றால் நாட்டுச் சட்டமே நேரடியாக வரும். அங்கும் பள்ளிக்கு உங்களை அடக்கும் உரிமை கிடையாது. பள்ளியைத் துறவற சபை நடத்தினாலும் அதைக் கண்காணிக்கும் உரிமை ஆயருக்கு உண்டு (எண் 806), அங்கும் எழுதுங்கள்.

பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வைத்தால் போதும்.

ரூபெல்லா தடுப்பூசி கருக்கலைப்போடு தொடர்புள்ளது, கத்தோலிக்கர் போடக் கூடாது என்று சொல்லி விலக்குக் கேட்கலாமா?

அந்த ஊசிக்கான வைரஸை வளர்க்கும் செல் வரிசை 1960-களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்தது, அது உண்மை. ஆனால் இந்தத் தடுப்பூசியைப் பற்றி வத்திக்கானின் வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005-இலும் 2017-இலும் கருத்துச் சொல்லிவிட்டது; வேறு வழி இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்பதே நிலை. கோவிட் தடுப்பூசிக்காக 2020 டிசம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பும் அதையே சொன்னது. மனச்சாட்சிப்படி மறுப்பவர் பிறருக்கு நோயைக் கடத்தாமல் இருக்க முழு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தது. ஆக 'திருச்சபை தடுக்கிறது' என்று படிவத்தில் எழுத முடியாது. விலக்கு கிடைத்தாலும், அதே ஊசி தடுக்கும் தட்டம்மை பரவினால் பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் வைக்கச் சொல்வார்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் வேறு பெயர். பள்ளியில் திருத்தச் சொன்னால் பங்கில் (ஊர்க் கோவிலில்) கேளுங்கள் என்கிறார்கள், பங்கில் பள்ளியைக் காட்டுகிறார்கள்.

இரண்டும் இரண்டு பதிவேடு. பள்ளிப் பதிவு அரசுப் பிறப்புச் சான்றிதழைப் பின்பற்றும். ஞானஸ்நானப் பதிவேடு பங்குக்கு உரியது, பிற்காலத்தில் உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் ஏறும் (எண் 535). ஞானஸ்நானப் பெயர் கூடுதலாக இருப்பது பிழையே அல்ல. எழுத்துப்பிழை என்றால் மட்டும், பிறப்புச் சான்றிதழோடு ஞானஸ்நானம் நடந்த பங்குக்குப் போங்கள், இப்போது இருக்கும் பங்குக்கு அல்ல. பழையதை அடித்து எழுத மாட்டார்கள், ஓரக்குறிப்புப் போட்டுப் புதுச் சான்றிதழ் தருவார்கள்.

பேன் இருக்கிறது என்று மகளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேவையில்லை. அன்று மாலை வீட்டில் மருந்து போட்டுவிட்டு மறுநாள் அனுப்பலாம். ஈர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்ற பள்ளி விதியைக் குழந்தை மருத்துவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.