காலப்பயணக் கதையை மேடை நாடகமாகப் போட முடியுமா? இயந்திரத்தை எப்படிக் காட்டுவது?

கல்லூரி விழாவுக்கு நாடகம் போடப் போகிறீர்கள், எல்.இ.டி. திரை வாடகையை விசாரித்து மிரண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இயந்திரமே வேண்டாம். எச்.ஜி. வெல்ஸ் 1895இல் தன் 'தி டைம் மெஷின்' நாவலின் நாயகனை இயந்திரத்தில் ஏற்றி அனுப்பினார் என்பதற்காக நாமும் தகரம் வாங்க வேண்டியதில்லை.

எங்கள் மதுரைப் பக்கம் பங்குனி, சித்திரையில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். வள்ளி திருமணத்தில் வேடனாக வந்த முருகன் படுதாவுக்குப் பின்னால் போய், நரைத்த தாடியோடு கிழவனாக வருவார். 'லாஜிக் இடிக்குது' என்று யாரும் எழுந்து போனதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் பையன்கள்தான் ராஜா, பையன்கள்தான் கிழவன். வயது என்பது மேடையில் ஒரு சுதி மாற்றம், அவ்வளவுதான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்குப் பெட்டி வாசித்தவர். பெட்டி என்றால் ஆர்மோனியம். (கூத்தாடி மகனா என்று கமெண்ட் போட ஒருவர் வருவார். வரட்டும்.) அவருடையது காலால் மிதிக்கிற பெட்டி.

2003இல் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. படுத்த மூன்றாவது வாரம் பெட்டியை 1,800 ரூபாய்க்கு விற்றேன். மருந்துச் செலவுக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். 1,100 ரூபாய் மருந்துக்குப் போனது நிஜம். மீதியில் எனக்கு செல்போன் வாங்கினேன். அந்தக் காலத்தில் வேலை தேட போன் வேண்டியிருந்தது, திட்டுகிறவர்கள் அதையும் யோசித்துத் திட்டுங்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரியில் அவருடைய இடது கால் மட்டும் கட்டில் பலகையை மிதித்துக்கொண்டே இருக்கும். தாளம் தப்பாமல்.

2016இல் எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாக எழுதினேன். சாமான் இரண்டு நாற்காலி, ஒரு பல்பு. பெட்டிக்காரர் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிப்பார். நாயகன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மேடையை ஒரு சுற்று வருவான். மிருதங்கத்தில் ஒரே ஒரு அடி. 2003.

முதலில் எழுதியதில், திரும்பிப் போனவன் விற்பனையைத் தடுத்துவிடுவான், அப்பா எழுந்து வாசிப்பார். ஒத்திகையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் தொண்டையில் நின்றது. பெட்டி வீட்டில் இருந்திருந்தால் கை வந்திருக்குமா? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். திரும்பிப் போன பெரியவன், 2003இல் இருக்கும் சின்ன வயசுத் தன்னிடம் ஒரு வரிதான் பேசுவான்: "வித்துக்கடா. அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்துக்க."

நாடகம் எழுதியதால் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. இன்றும் கேட்காமல் பழைய சாமானை எடைக்குப் போட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று, புகைக்குச் சாம்பிராணி போடாதீர்கள். நாங்கள் போட்டோம். தரைவிரிப்பில் ஒரு பொறி விழுந்தது என்று அந்த மண்டபத்துக்காரர் 2,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. ரசீதும் கிடையாது. அதே மண்டபத்தில் காது குத்துக்கு அறுபது ஊதுபத்தி கொளுத்துகிறார்கள், அதைக் கேட்க ஆள் இல்லை.

அம்மா முன்வரிசையில் இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும், "உங்கப்பா பெட்டியில மேல ரெண்டு கட்டை ஊமைடா, இதுல எல்லாம் பேசுதே" என்றார்.

அடுத்த தடவை போட்டபோது, அந்த இரண்டு கட்டையைத் தொட வேண்டாம் என்று பெட்டிக்காரரிடம் சொல்லிவைத்தேன்.